சாமிக்குச் சொன்ன முடி

1

போன வாரம் மகிக்குக் கடையில் முடி வெட்டினோம். வெட்டினோம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, நுனியைக் கொஞ்சம் சமப்படுத்தியதுதான். பள்ளியில் யாரோ ஒரு பிள்ளை, உன் சடை ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை என்று சொல்லிவிட்டதாம். அதற்காக இரண்டு நாள் என் உயிரை வாங்கினாள்.

நாங்கள் இருப்பது ஜெர்மனியின் வடக்கே, மழைக்கும் தூறலுக்கும் நடுவே ஓர் ஊர். இங்கே எல்லாவற்றையும் பிள்ளையிடம்தான் கேட்பார்கள். முடி வெட்டும் பெண் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து, மகியின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்து, எவ்வளவு எடுக்கட்டும் என்று கேட்டாள். மகி கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டினாற்போல் வைத்துக் காட்டினாள். இவ்வளவுதான், அதுக்கு மேல வேண்டாம் என்றாள். கத்தரி ஒரு தடவை நறுக்கென்றது. கீழே விழுந்த முடியைப் பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து வெளியே வந்து தூறலில் நின்றுவிட்டேன்.

அந்தப் பெண் பதறிப்போய்ப் பின்னாலேயே வந்தாள். என்ன செய்கிறது என்று கேட்டாள். ஒவ்வாமை என்று சொன்னேன். இந்த ஊரில் கண்ணீருக்கு அந்தக் காரணத்தைச் சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. நம் கச்சிராயபாளையமாக இருந்தால் நாலு பேர் கூடியிருப்பார்கள். "இன்னாத்துக்கும்மா அழுவுற? நுனி முடி வெட்டுனதுக்கா?" என்று கேட்டிருப்பார்கள். ஆமாம், அதற்குத்தான் என்று நானும் சொல்லியிருப்பேன். சொல்ல ஆரம்பித்தால் முழுக்கச் சொல்லியாக வேண்டும். அதைத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

2

மகிக்கு இப்போது எட்டு வயது. நாலு வயதில் அவள் காலில் நீலம் நீலமாகக் கன்றிப் போயிருந்தது. பாலர் பள்ளியில் ஏறிக் குதித்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். குளிப்பாட்டும்போது, "ஏண்டி, நீ பொம்பளப் புள்ளயா, குரங்கா?" என்று திட்டக்கூடச் செய்தேன். அப்புறம் காய்ச்சல் வந்தது, போனது, வந்தது. ஒரு மத்தியானம் ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம் வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. துணிமணி எடுத்துக்கொண்டு உடனே வாருங்கள் என்றார்கள்.

ரத்தப் புற்றுநோய். அந்தச் சொல்லை ஜெர்மன் மொழியில் எளிதாகச் சொல்ல முடிந்தது. காப்பீட்டுக்காரர்களிடம் சொன்னேன், பாலர் பள்ளியில் சொன்னேன், எதிர் வீட்டுக்காரியிடம் சொன்னேன். ஏதோ ஒரு பொருளின் பெயரைச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே போனேன். ஊருக்குப் பேசும்போது மட்டும் வாய் வரவில்லை. அப்பா அம்மா போன பிறகு எனக்கு ஊர் என்றால் வேலு அண்ணன்தான். கோமுகி அணைத் தண்ணீரில் கரும்பு போட்டுப் பிழைக்கிறவர். அவரிடம், "ரத்தத்துல கொஞ்சம் கோளாறுண்ணா" என்று மட்டும் சொன்னேன்.

"ரத்தம் கம்மியா? இதுக்கா இப்பிடி பேசுற? பீட்ரூட்டு குடு. பேரீச்சம்பழம் குடு. எல்லாம் ஏறிடும்" என்றார். பின்னால் அண்ணி, "முருங்கக்கீரைய வுட்டுட்டீங்களே" என்று குரல் கொடுத்தாள். பத்து நாளில் ஒரு பொட்டலம் முருங்கைக்கீரைப் பொடி வந்து சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் மகிக்குக் கழுவாத பழமே தரக்கூடாது என்று சொல்லியிருந்த நேரம். பொட்டலத்தைச் சமையலறையில் வைத்துக்கொண்டு சிரித்தேன், பிறகு அழுதேன்.

கடைசியில் என் கணவர் கதிர்தான் உடைத்துச் சொன்னார். அவர் நைனார்பாளையத்துக்காரர். சுற்றி வளைக்கத் தெரியாது. தொலைபேசியில் அண்ணனின் கொல்லையில் மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு கேட்டார்: "நான் வரவா?"

வரட்டும் என்று விசாவுக்கு ஓடினோம். அவசரமாக வரக்கூடிய நெருங்கிய உறவு யார் என்று அந்தப் படிவத்தில் கட்டம் கட்டமாகப் போட்டிருந்தது. பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளை. அதோடு அவர்களுக்கு உறவு முடிந்துவிடுகிறது. தாய்மாமன் என்பதற்குக் கட்டமே கிடையாது. தொலைபேசியில் பேசியவர் நல்ல மனிதர்தான். "ஓ, அம்மாவின் சகோதரரா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, சாதாரண வரிசையில் வரச் சொன்னார். காது குத்துவதற்கு இவர் மடி இல்லாமல் எங்கள் ஊரில் ஊசியையே எடுக்கமாட்டார்கள் ஐயா என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. அதற்கு ஜெர்மன் மொழியில் எப்படி வாக்கியம் அமைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வர முடியாது என்று தெரிந்த அன்றைக்கே அண்ணன் மலை ஏறிவிட்டார். கல்வராயன் மலைமேல், வெள்ளிமலைக்குப் போகும் வழியில் பிரிந்து போனால் எங்கள் குலசாமி பாறையடி அய்யனார் இருக்கிறார். அங்கிருந்து கூப்பிட்டார். சிக்னல் விட்டு விட்டு வந்தது.

"வாசுகி, வேண்டிக்கினேன். புள்ள பொழச்சி எழுந்ததும் இங்க இட்டுக்கினு வந்து எம் மடியில உக்கார வெச்சி மொட்ட போடறேன்னு சொல்ட்டேன். அதுவரைக்கும் எந்தலையில கத்தி படாது. தாடியும் எடுக்கமாட்டேன்."

சரிண்ணா என்றேன். அவரால் முடிந்தது அது. அதற்கு அடுத்த வாரம் மகியின் தலையணையெல்லாம் முடி.

வீடியோவில் அந்த மொட்டைத் தலையைப் பார்த்ததும் அண்ணன் சட்டென்று திரையை விட்டு நகர்ந்துவிட்டார். வெறும் சுவரும் காலண்டரும்தான் தெரிந்தன. திரும்பி வந்தவர், "வளருமில்ல? மறுபடி வளந்ததும் அத்த குடுப்போம். இது மருந்துக்குப் போன முடி. சாமிக்குச் சொன்னது பாக்கி கீது" என்றார்.

3

அந்த இரண்டரை வருஷத்தைப் பற்றி எல்லாம் சொல்லப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்.

அந்த வார்டில் ஒரு தாதி இருந்தாள். ஊசி போடுமுன் மகியிடம் கேட்பாள்: "குத்தட்டுமா?" மகி வேண்டாம் என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கதை பேசுவாள். மறுபடி கேட்பாள். குத்தி முடித்ததும் இரண்டு பிளாஸ்டரை நீட்டுவாள். யானைப் படமா, முள்ளம்பன்றிப் படமா? மகி யோசித்து ஒன்றைக் காட்டுவாள். ஒட்டிவிட்டு, "ஃபெர்டிக்!" என்பாள். முடிந்தது என்று அர்த்தம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குத்தப்போவது குத்தத்தான் போகிறாய், இதில் என்னடி சம்மதம் வேண்டிக் கிடக்கிறது? நம்மூரில் நாலு பேர் பிடித்துக்கொண்டால் ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். ஒரு நாள் பொறுக்காமல் அந்தத் தாதியிடமே சொல்லிவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. இவளால் இந்த மருந்தை வேண்டாம் என்று சொல்ல முடியாது, பாக்கி எதை எதைச் சொல்ல முடியுமோ அதையாவது சொல்லட்டும் என்றாள். எனக்கு அது அப்போது ஏறவில்லை.

ஆனால் அந்தத் தாதி இல்லாத நாட்களும் உண்டு. அவசரம் உண்டு. கேட்க நேரம் இல்லாத ஊசிகள் உண்டு. முதலில் மகி ஊரைக் கூட்டுவாள். நானும் கதிரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்வோம். சில மாதம் போனதும் கத்துவதை நிறுத்திவிட்டாள். எங்கள் முகத்தைப் பார்த்தாலே அவளுக்குத் தெரிந்துவிடும். கையில் இருக்கும் முயல் பொம்மையை என்னிடம் நீட்டுவாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "சீக்கிரம்" என்பாள். அவ்வளவுதான். டாக்டர்கள் தைரியசாலி என்று மெச்சினார்கள். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே எரிச்சல் வரும். அவள் கத்தின நாட்கள் எவ்வளவோ தேவலை.

எனக்கும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. காய்ச்சல் முப்பத்தெட்டு டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் என் உள்ளங்கை எந்நேரமும் மகியின் பின்கழுத்தில்தான். சாப்பிடும்போது, படம் பார்க்கும்போது, தெரு கடக்கும்போது. மாத்திரை எல்லாம் நின்று இரண்டு வருஷம் ஆகப் போகிறது. கை மட்டும் நிற்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்க்கிறார்கள். அதற்கு முந்தின வாரம் நான் யாரோடும் சண்டை போடாமல் இருந்ததில்லை. நான் வேலை பார்க்கும் பாலர் பள்ளிச் சமையலறையில்கூட அந்த வாரம் என் பக்கம் வரமாட்டார்கள்.

4

முடி திரும்ப வளர்ந்தது. முன்னால் நீட்டமாக, கருகருவென்று இருந்த முடி, இப்போது சுருட்டை சுருட்டையாக வந்தது. இந்த மருந்துக்கு அப்படித்தான் வருமாம். மகிக்கு அதில் ஒரே பெருமை. முதல் தடவை குட்டியாக ஒரு குதிரைவால் போட்டுவிட்ட நாள், கண்ணாடி முன்னாலிருந்து நகரவே இல்லை. தலையை ஆட்டி ஆட்டி அது கழுத்தில் படுகிறதா என்று பார்த்தாள்.

தோள் வரை வந்ததும் நான் பேச்சை எடுத்தேன். ஊருக்குப் போக வேண்டும், சாமிக்கு முடி கொடுக்க வேண்டும்.

"என் முடியா?" என்றாள்.

"ஆமாண்டி. மாமா வேண்டிக்கிட்டாருல்ல."

"என்கிட்ட யாரும் கேக்கல."

இதுதான் இந்த ஊர் சொல்லிக்கொடுத்தது. பெரிய மனுஷி மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மாமா எப்படிக் கேட்பார், நீ அப்போது எப்படிக் கிடந்தாய் தெரியுமா என்று ஆரம்பித்தேன். அவள் பாதியிலேயே ஜெர்மன் மொழிக்கு மாறிவிட்டாள். எனக்குப் பதில் சொல்ல வராத வேகத்தில் பேசுவதற்கு அவளுக்கு அது ஒரு வழி.

கதிர் அவள் பக்கம். "அவ முடி. அவ சரின்னா செய்யி. இல்லன்னா வுடு. சாமி ஒண்ணும் முடிய வித்துப் பொழைக்கல."

"உங்களுக்கென்ன, பேசுவீங்க" என்று கத்தினேன். அவருக்குப் பயம் இல்லை. எனக்கு இருந்தது. இதை இங்கே யாரிடமும் சொல்ல முடியாது, உங்களிடம் சொல்கிறேன். மருந்துதான் காப்பாற்றியது என்று எனக்குத் தெரியும். மருந்தின் பெயர் எல்லாம் இன்றைக்கும் தூக்கத்தில் சொல்வேன். ஆனாலும் சாமிக்குச் சொன்னதைக் கொடுக்காமல் விட்டால், அது மறுபடி வந்துவிடும் என்று ஒரு பயம். ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன்னால் எனக்கு அந்தப் பாறையடிதான் ஞாபகம் வரும். கொடுத்துத் தொலைத்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன் என்று நம்பினேன்.

போன ஆடிக்குக் கிளம்பினோம். இங்கே பள்ளி விடுமுறை, அங்கே சாமிக்கு மாதம். காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று டாக்டர் ஒரு தாள் எழுதிக் கொடுத்தார். காய்ச்சல்மானி இரண்டு எடுத்துக்கொண்டேன். ஒன்று பொய் சொன்னால் இன்னொன்று.

கச்சிராயபாளையத்தில் வாசலில் நின்ற அண்ணனைப் பார்த்து மகி என் பின்னால் ஒளிந்துகொண்டாள். தாடி நெஞ்சு வரைக்கும் வந்திருந்தது. தலைமுடியை முடிந்து கொண்டை போட்டிருந்தார். கரும்பு ஏற்றிப் போகும் இடத்தில் எல்லாரும் "இன்னா சாமியாரே" என்றுதான் கூப்பிடுகிறார்களாம். நாங்கள் வந்ததும் வராததுமாக அண்ணி என்னிடம் முறையிட்டாள்: "நீயே சொல்லு வாசுகி, சாப்புடறப்ப ரசம் பாதி தாடிக்குத்தான் போவுது. பக்கத்துல உக்காந்து சோறு போட முடியல. எப்பதான் எடுப்பாரோன்னு நாள எண்ணிக்கினு இருக்கேன்."

மகி மெல்ல வந்து தாடியைத் தொட்டுப் பார்த்தாள். "இவ்ளோவா? எனக்காகவா?"

"உனக்கோசரம்தான் கண்ணு" என்றார் அண்ணன்.

அவளுடைய சுருட்டை முடியை அவரும் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "புள்ளைக்கு இஷ்டமில்லன்னு மாப்ள சொன்னாரு. அழ வெச்சி எடுக்கறதுன்னா எனக்கு இன்னாவோ மாரி இருக்குது. பூமுடி மட்டும் குடுத்துடலாமா?"

பூமுடி என்றால் மூன்று கொத்து மட்டும் நறுக்கிக் கொடுப்பது. மொட்டை என்று சொல்லிவிட்டு மூன்று கொத்தைக் கொடுத்தால் சாமி ஏமாறுமா?

5

மலைக்கு வேன் வைத்துக்கொண்டு போனோம். நாங்கள் மூவர், அண்ணன், அண்ணி, முடி எடுக்கிற கோவிந்து. வளைவுகளில் மகி இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். இரண்டு தடவையும் என் கை அவள் கழுத்துக்குப் போனது. மேலே ஏறினதும் காற்று சில்லென்றிருந்தது. மரவள்ளிக் கொல்லையைத் தாண்டி, சாமை விதைத்த சரிவின் ஓரமாக நடந்தோம். பாறைக்கு அடியில் மூன்று நடுகல், நாலைந்து வேல், ஒரு மண்குதிரை. எங்கள் சாமிக்கு அவ்வளவுதான் ஆஸ்தி.

பூசாரி மலைமேல் இருக்கும் குடும்பத்துக்காரர். முப்பது வயதுதான் இருக்கும். களை எடுத்துக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு வந்தார். அண்ணன் பூமுடி விஷயத்தைச் சொன்னதும் தலையைச் சொறிந்தார்.

"மொட்டன்னு வேண்டிக்கினு இப்ப மாத்துறதுன்னா நான் சொல்ல முடியாதுங்க. பூ வெச்சி கேட்டுடலாம். வெள்ள வந்தா பூமுடி. செவப்பு வந்தா மொட்டதான். அப்பறம் என்னைய எதுவும் சொல்லக்கூடாது."

கேட்டுவிடலாம் என்று முந்திக்கொண்டு சொன்னது நான்தான். நம்மூரில் இது தெரிந்ததுதானே. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்துச் சாமிமுன் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். அங்கே இருந்த குழந்தை மகி ஒருத்திதான்.

"பாப்பா, ரெண்டுல ஒண்ணு எடும்மா" என்றார் பூசாரி.

மகிக்கு ஒரே குஷி. விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு இதா, அதா என்று கையை ஆட்டினாள். கதிர் என் காதருகே, "எதுக்குன்னு அவகிட்ட சொல்லு" என்றார். சும்மா இருங்க என்றேன். சொன்னால் எடுக்கமாட்டாள்.

ஒன்றை எடுத்துப் பிரித்தாள். சிவப்பு.

அரளியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். "நான் ஜெயிச்சிட்டனா?"

அண்ணன் வேறு பக்கம் பார்த்தார். கோவிந்து பாட்டுக்குக் கத்திக்குப் புது பிளேடு மாட்ட ஆரம்பித்தார். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. சாமியே சொல்லிவிட்டது, இனி யாரும் மறுக்க முடியாது. நான் மகிமுன் உட்கார்ந்து, சிவப்பு வந்தால் என்ன அர்த்தம் என்று சொன்னேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கதிர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. அழுவாள், கத்துவாள், ஓடுவாள் என்று நான் தயாராக இருந்தேன். அவள் ஓடவில்லை. தலையிலிருந்த கிளிப்பைத் தானே கழற்றினாள். அதையும் அரளிப்பூவையும் என்னிடம் நீட்டினாள். போய் மாமா மடியில் உட்கார்ந்தாள். முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சீக்கிரம்" என்றாள்.

ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்த அதே பிள்ளை. அதே முகம், அதே சொல். அதிலிருந்து இவளை மீட்டுக்கொண்டு வந்துவிட்டோம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! மலை உச்சியில், சாமி எதிரில், சொந்த மாமன் மடியில் அவளை மறுபடி அங்கேயே கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டேனே பாவி.

கோவிந்து தண்ணீரைக் கையில் எடுத்துவிட்டார்.

"வேணாம்" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "வேணாண்ணா. எடுக்கவேணாம்."

பூசாரி திடுக்கிட்டார். "என்னங்க, உத்தரவு வந்துடுச்சே."

"வந்துச்சு. வரட்டும். நான் குடுக்கமாட்டேன்."

இவ்வளவு நாள் நான் பயந்த சாமியை நேருக்கு நேர் நின்று மறுத்தாகிவிட்டது. ஏதாவது ஆனால் இனி என்னைத் தவிர யாரையும் சொல்ல முடியாது. "அப்பறம் உங்க இஷ்டங்க" என்று பூசாரி விலகி நின்றார்.

அண்ணன் மகியைத் தூக்கி என் மடியில் உட்காரவைத்தார். போய் அதே இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"கோவிந்து, எந்தலைய எடு. தாடியும் எடு."

பிறகு பாறையைப் பார்த்து, பக்கத்துக் கொல்லைக்காரனிடம் பேசுகிற மாதிரி பேசினார். "ஐயா, வாய வுட்டது நானு. புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. கோவமிருந்தா எம்மேல வெச்சிக்க. அந்தப் பக்கம் போவாத."

அண்ணி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். கத்தி இறங்கியது. கொத்துக் கொத்தாக முடி விழுந்தது. தாடி போகப் போக, எனக்குத் தெரிந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அண்ணனுக்கு இத்தனை வயதாகிவிட்டது என்று அப்போதுதான் பார்த்தேன்.

உச்சிக்குப் பக்கத்தில் கத்தி கொஞ்சம் பட்டுவிட்டது. ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது. "ஒண்ணுமில்ல, சுண்ணாம்பு வெச்சா நின்னுடும்" என்றார் கோவிந்து.

மகி என் மடியிலிருந்து இறங்கினாள். தன் தோள்பையைத் திறந்து துழாவினாள். வெளியே கிளம்பினால் அந்தப் பையில் பிளாஸ்டர் இல்லாமல் வரமாட்டாள். இரண்டை எடுத்துக்கொண்டு அண்ணன்முன் போய் நின்றாள்.

"மாமா, ஒட்டட்டுமா?"

"ஒட்டேன் கண்ணு. இத்தப் போய் இன்னாத்துக்குக் கேக்கற?"

"கேக்கணும். இது உன் தலை" என்றாள். இரண்டையும் அவர் கண்ணெதிரே பிடித்தாள். "யானையா, முள்ளம்பன்றியா?"

அண்ணன் மெய்யாகவே யோசித்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, அதையும் இதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"யானையே இருக்கட்டும்."

அவள் உறையைக் கிழித்து, ஒரு கையால் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு, ஓரம் சுருங்காமல் ஒட்டினாள். விரலால் ஒரு தடவை அழுத்திவிட்டாள். "ஃபெர்டிக்!" என்றாள்.

"இன்னாது?"

"முடிஞ்சிடுச்சு மாமா. இனிமே வலிக்காது."

அதுவரை கல்லு மாதிரி உட்கார்ந்திருந்த மனிதர், யானைப் படத்தோடு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஆஸ்பத்திரிக்கு வர முடியாமல் போன அழுகை எல்லாம் சேர்த்து அழுதார். மகி பக்கத்தில் நின்று அவர் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். எப்படித் தடவ வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

6

நிம்மதி வந்ததா என்று கேட்டால், இல்லை. திரும்பி வந்த மூன்றாவது வாரம் ரத்தம் பார்க்க வேண்டியிருந்தது. அந்த முறை நான் பட்ட பாடு இதற்குமுன் பட்டதே இல்லை. முடிவு வருவதற்குள், கதிரிடம் பேசாமல், சாப்பிடாமல், வீட்டைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அழுதேன். அடுத்த நாளே அடுத்த மூன்று மாதத்தை நினைக்க ஆரம்பித்துவிட்டேன். அதற்கப்புறமும் பரிசோதனைகள் வந்து போய்விட்டன. எல்லாம் நல்லபடியாகவே இருக்கிறது. சாமி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சிவப்பு அரளி காய்ந்து சருகாகி எங்கள் சாமிப் படத்தின் பின்னால் இருக்கிறது. தூக்கிப் போடவும் மனமில்லை, பார்க்கவும் மனமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணனோடு வீடியோவில் பேசுவோம். முன்னெல்லாம் மகி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். இப்போது அவள்தான் முதலில் வந்து உட்காருகிறாள். மாமாவின் தலையைப் பரிசோதிப்பது அவள் பொறுப்பு. அண்ணன் ஒரு வருஷமாகத் தலையைச் சிறிசாகத்தான் வெட்டிக்கொள்கிறார். இருந்தாலும் அவள் விடுவதில்லை.

நேற்றும் அப்படித்தான். "குனி மாமா. இன்னும். அந்தப் பக்கம் காட்டு." அண்ணன் குனிந்து குனிந்து காட்டினார்.

"ஏன் உனக்குச் சுருட்டையா வரல?"

"எனக்கு சுருட்ட வந்தா உங்க அத்த வூட்ட வுட்டே தொரத்திடுவா கண்ணு" என்றார். பின்னாலிருந்து அண்ணி, "இப்பவே தொரத்தணும், கரும்பு வெட்டு ஆரம்பிச்சதும் வூட்டுப் பக்கமே வர்றதில்ல" என்றாள். மகி விழுந்து விழுந்து சிரித்தாள். போன வாரம் கடையில் முடி வெட்டியதைச் சொன்னாள். இவ்வளவுதான் எடுக்கச் சொன்னேன் என்று விரலால் காட்டினாள். அண்ணனும் தன் விரலை அதேபோல் வைத்துச் சரி பார்த்தார்.

நான் அவள் பின்னால் உட்கார்ந்திருந்தேன். சிரிப்பில் அவள் கழுத்து கொஞ்சம் சூடாக இருப்பதுபோல் தெரிந்தது. கை தானாகப் போய்விட்டது.

மகி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து, கையை மெதுவாக எடுத்துவிட்டாள்.

"அம்மா, கேட்டுட்டு வை."

அந்தப் பக்கம் அண்ணனும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கை அந்தரத்தில் நின்றது. இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூட அவளைக் கேட்டதில்லை.

"வைக்கட்டுமாடி?" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். யானையா, முள்ளம்பன்றியா என்று யோசிக்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வாளோ அப்படி வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"இப்ப வேணாம்" என்றாள். மறுபடி மாமாவிடம் திரும்பிவிட்டாள்.

சரி என்றேன். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அது சும்மா இருக்கவில்லை. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.